பஸ்ஸில் படிக்காத அத்தியாயம்

என் நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயம் பன்னிரண்டு மணிக்கு வெளியாகப்போகிறது என்று எனக்கு ஞாபகம் வந்தபோது மணி ஒன்பதரை. கம்பெனியில் லைனில் நின்று, வயர் கட்டு ஒன்றின்மேல் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அத்தியாயத்தை நிறுத்த என் போன் வேண்டும். போன் கேட் பக்கத்து லாக்கரில் பூட்டிக் கிடந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. பெல்ட் நிற்கவில்லை. எதிரே நின்றவள், "அக்கா, பீஸ் போவுது பாருங்க!" என்று கத்தினாள்.

ஓசூரில் பைக்குகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனி எங்களுடையது. ஒன்பது வருடமாக அங்கே வேலை, வீடு கெலமங்கலத்தில். நாவல் எழுதும் ஆசை அதற்கும் முந்தியது. நோட்டில் எழுதி எழுதிக் கிழித்தேன். முதல் அத்தியாயத்தை மட்டும் பதினோரு தடவை எழுதியிருப்பேன். இரண்டாவதை ரொம்ப நாள் தொடவே இல்லை. ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்து சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. அப்புறம்தான் போனில் தொடர்கதை போடும் ஆப் ஒன்று கிடைத்தது. புனைபெயர் ஒன்றை வைத்துக்கொண்டு வாரம் ஒரு அத்தியாயம் போட்டால் போதும். ஒரு வாரம் தவறினால் கதையைக் கண்காணாத இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்திலேயே எனக்கு எழுத்து ஓடியது. யாரும் வேண்டாம் என்று சொல்லாத இடம் அது. எழுதுகிறவளுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் கட்டாயம் தேவை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் ஏதோ எழுதுகிறேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். எங்கே, என்ன பெயரில் என்று தெரியாது. கம்பெனியில் ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் பின்பக்கம் உட்காருகிற பத்துப் பன்னிரண்டு பேரும் என் நாவலின் பரம ரசிகைகள்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் கன்னடம். படித்ததும் அந்தப் பள்ளிக்கூடங்களில்தான். தமிழை வெளுத்து வாங்குவார்கள், சண்டைகூடத் தமிழில்தான் போடுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பஸ்ஸின் முன்பக்கம் உட்காரும் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்களுக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். அதனால் பின்வரிசையில் கதை படிக்கும் உத்தியோகம் எனக்கு. நானும் ஊத்தங்கரைப் பக்கம்தான்; என் அத்தா சிங்காரப்பேட்டையில் புளி வியாபாரம் செய்தவர். காலையில் கடை திறந்ததும் என்னைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தக் குரல் இங்கே உதவியது. ஒருநாள் விளையாட்டாக என் கதையையே, யாரோ எழுதியது என்று சொல்லிப் படித்தேன். அன்றிலிருந்து புதன்கிழமை என்றால் கதைநாள். எல்லோரும் அந்த ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள். படிக்க வராவிட்டால் என்ன? புது அத்தியாயம் வந்தால் அட்டைப்படமும் எண்ணும் திரையில் வந்துவிடுமே.

அந்தப் பின்வரிசையில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தி உண்டு. என்னைவிட ஆறேழு வயது சின்னவள். கெலமங்கலத்திலிருந்து இன்னும் உள்ளே போகும் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அது தன் உடம்பைப் பற்றி, புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு காலைப்பொழுதில் அவள் எடுத்த முடிவு. இதற்குமேல் இங்கே சொல்லமாட்டேன். வீட்டுக்குத் தெரிந்தால் அவளை அன்றைக்கே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், குழந்தையை வைத்துக்கொண்டு. அவளுடைய நாத்தனாரும் எங்கள் லைன்தான். அதே பஸ்தான். அதே பின்வரிசைதான்.

பத்தொன்பதாம் அத்தியாயம் எனக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் கதாநாயகியும் கம்பெனி வேலைக்காரி. அவள் ஏன் வீட்டில் வாய்மூடி இருக்கிறாள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். மூன்று காரணம் யோசித்து எழுதினேன், மூன்றும் பொய்யாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரத்தில், பக்கத்து சீட்டுக்காரி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிப் பார்த்தேன். எனக்காக மட்டும், சும்மா. ஒரே மூச்சில் வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சு, நர்ஸம்மா கேட்ட கேள்வி, திரும்பி வரும்போது அவள் வாங்கித் தின்ற கொய்யாப்பழம் எல்லாம் வந்தன, அவளைத் தெரிந்தவர்கள் கேட்டால் அவள்தான் என்று கண்டுபிடித்துவிடும்படி. கடைசியில் அவள் குலுங்கிக் குலுங்கி அழுவதாக முடித்தேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று உடனே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. புதன் பகல் பன்னிரண்டுக்கு என்று ஆப்பில் வழக்கம்போல் நேரம் குறித்து வைத்தேன். அந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், புதன் காலை சும்மாதான் இருப்பேன், உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை லைன் லீடர் போன் செய்தார். இன்றைக்கு கரண்ட் இல்லை, வர வேண்டாம். நாளைக்கு லைன் முழுக்க முதல் ஷிஃப்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். கிடைத்த அரைநாளில் துணி துவைத்தேன், நன்றாகத் தூங்கினேன். என் புத்தி அப்படி.

ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டுவரை நான் செய்யாத கூத்தில்லை. லைன் லீடரிடம் போய், "சார், வீட்டுல அவருக்கு உடம்பு முடியல, போன் எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

"ஆபீஸ் போன்ல பேசும்மா. லாக்கர் ஷிஃப்ட் முடிஞ்சாத்தான் தொறப்பாங்க, தெரியாதா உனக்கு?"

ஆபீஸ் போனில் யாரிடம் என்ன பேசுவது? அந்தக் கணக்கைத் திறக்க என் போன் ஒன்றால்தான் முடியும். சும்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, யாருமில்லாத போனில், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கேட் வரைக்கும் போய் செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து மூன்று பீஸில் டேப்பை மாற்றிச் சுற்றி, இன்ஸ்பெக்‌ஷனில் திட்டு வாங்கினேன். பக்கத்து மேசையில், ரகசியத்தைச் சொன்னவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கனெக்டர் சொருகிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு கேண்டீனில் இருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் முள் சேர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவளும் நாத்தனாரும் ஒரே டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யா அல்லாஹ் என்றபடி என் தட்டை நகர்த்திவைத்தேன்.

இரண்டரைக்கு லாக்கர் திறந்தது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் போனைப் போட்டால் கேட் அருகில் நெட் எப்படிக் கிடைக்கும்? ஆப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கக்கா, சீட்டு போயிரும். பத்தொம்போது வந்திருச்சு, பாத்தீங்களா? எனக்கு வந்திருச்சு!" அவள் திரையில் அட்டைப்படமும் எண்ணும் பளிச்சென்று இருந்தன.

மூன்று பேர் சீட்டில் நான் நடுவில். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாத்தனார். பஸ் ரோட்டில் ஏறியதும் நெட் வந்தது. அத்தியாயம் வந்திருந்தது. கீழே இதுவரை எனக்குக் கிடைக்காத அளவுக்குப் பாராட்டுகள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், மனசு குளிர்ந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. பிறகு நீக்கும் பொத்தானைத் தேடலாம் என்றால் நாத்தனார் என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு திரையையே பார்க்கிறாள்.

"படிங்கக்கா, என்ன திருதிருன்னு முழிக்கிறீங்க?" என்று பக்கத்துச் சீட்டிலிருந்து ஒருத்தி.

தொண்டை வலி என்றேன். தண்ணீர் பாட்டில் நீண்டது. தலைவலி என்றேன். தைலம் வந்தது. இனித் தப்ப வழியில்லை என்று போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். திரையில், 'அரசு மருத்துவமனையின் மர பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்' என்று இருந்தது. நான், "அன்றைக்கு அவள் பஸ் மாறி ஏறிவிட்டாள்" என்று படித்தேன்.

அடுத்த வரி என்னவென்று எனக்கே தெரியாது. கதாநாயகியை ஏற்றிய பஸ்ஸை தளிக்கு அனுப்பினேன். அங்கேயும் அவளை இறங்கவிடவில்லை. ஜவளகிரியில் ரோடு காட்டைத் தொடும் இடத்தில் இறக்கிவிட்டேன். ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் வந்து, இந்தப் பக்கம் யானை நிற்கிறது, எங்கேம்மா போகிறாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றாள். அவர் அவளை ஒரு டீக்கடையில் உட்காரவைத்தார். சாயங்கால பஸ் வரும்வரை அவள் அந்த பெஞ்சிலேயே இருந்தாள். வீட்டில் யாரும் அவளைத் தேடவில்லை. கடைக்காரி, "வூட்டுல என்னா சொல்வே?" என்று கேட்டதற்கு, "ஓவர்டைம்னு சொல்வேன்" என்றாள். அவ்வளவுதான் அத்தியாயம். என் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "யாரு எழுதுறாங்களோ, இவங்க கையில சக்கர போடணும்" என்றாள். கெலமங்கலத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னால், தன் புருஷன் ஊரில் அவள் இறங்கிப் போனாள். அந்த அத்தியாயத்தைப் பிற்பாடு பலமுறை எழுதிப் பார்த்தேன்; பஸ்ஸில் வந்ததில் பாதிகூட வரவில்லை.

கெலமங்கலத்தில் நாங்கள் இருவரும் இறங்கினோம். அவள் ஊருக்குப் போகும் மினி பஸ் வர நேரமிருந்தது. நிழலுக்கு ஒதுங்கியதும் அவள் கேட்டாள்.

"அக்கா, நீங்க இன்னிக்கு வெரல தள்ளவே இல்லியே?"

"என்ன?"

"படிக்கும்போது வெரலால மேல தள்ளிக்கினே இருப்பீங்க. இன்னிக்கு ஒருக்கா கூட தள்ளல. அதுல எழுதியிருக்கறது வேற. நீங்க சொன்னது வேற." என் முகத்தையே பார்த்தாள். "இத எழுதறது நீங்கதானே?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்றேன்.

"அதுல என்னா இருக்குது? படிங்க."

படித்தேன். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு வரி விடாமல், விரலைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் அழுவல அக்கா" என்றாள் கடைசியில். "சிரிச்சுக்கினே வந்தேன்னுதானே உங்ககிட்ட சொன்னேன்? எதுக்கு அழ வச்சீங்க?"

அழுதால்தான் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது?

"அழிச்சிடுங்க. இப்பவே."

பொத்தானை அழுத்தினேன். "அழிச்சிட்டேன்" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்தது எதுவும் அவளுக்குப் புரியாது. பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு, அதே மினி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு டீச்சரம்மாவிடம் போனாள். "மேடம், இந்தக் கதையில பத்தொம்போது இருக்குதான்னு கொஞ்சம் பாத்து சொல்றீங்களா?" அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார். "பதினெட்டு வரைக்கும்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருடமாக ஒரே சீட்டில் வருகிறோம். ஆனால் கேட்க எனக்கு வாய் ஏது?

அவள் திரும்பி வந்தாள். முகம் இளகியிருந்தது. "தப்பா நெனச்சிக்காதீங்க அக்கா. படிக்கத் தெரியாதவ நானு, நாலு பேர கேட்டுத்தானே ஆவணும். உங்கள சந்தேகப்பட்டுட்டேன்" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். மினி பஸ் வந்தது. ஏறி ஜன்னலிலிருந்து கையாட்டினாள்.

அந்த ஆப்பில் ஒரு அத்தியாயத்தை நீக்கினால், படிக்கிறவர்களுக்குத்தான் அது போகும். எழுதியவளுக்கு 'வரைவுகள்' என்ற பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அங்கேயும் அழிக்க இன்னொரு பொத்தான் உண்டு. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவள் அழுதாள் என்று இருந்த இடத்தில், சிரித்தாள் என்று திருத்தினேன். திருத்தியதைச் சேமித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.