தாண்டிப் போகாத வீடு

போன வெள்ளிக்கிழமை, வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்டின் லிஃப்டை விட்டு வெளியே வந்தால், எதிர்வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பாட்டுச் சத்தம், நெய்யில் ரவை வறுத்த வாசனை. வீட்டு ஜெபக்கூட்டம் என்று புரிந்தது. எனக்கு ஜெபத்துக்கு முன்னால் கேசரிதான் ஞாபகம் வரும். என் பக்தியின் லட்சணம் அவ்வளவுதான்.

முன்பு நாங்கள் குடியிருந்த ஒக்கலிபுரத்தில், எங்கள் தெருவிலும் வெள்ளிதோறும் கூட்டம் உண்டு. முறை வீடு வீடாக நகரும். எந்த வீட்டையும் தாண்டக்கூடாது என்பது வழக்கம். அப்போதுதான் டைப்பிஸ்ட் வேலையில் சேர்ந்திருந்தேன். பஸ்ஸில் நசுங்கி, பசியோடு நேரே கூட்டத்துக்கு வருவேன். நீளமாக ஜெபம் செய்கிறவர்கள் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அக்கா அப்படியில்லை, பாட்டைத் தொடங்குவதே அவள்தான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பெண்கள் சங்கச் செயலாளரம்மா தன் தங்கை மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார். ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. அந்த நாட்களில் அக்கா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து முறை ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுக்கு வந்தது. அடி தாங்காமல் புருஷனை விட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டவர். அந்தப் புருஷன் சர்ச்சில் பாடகர் குழுவில் முன்வரிசை. இவ்வளவு நல்ல மனுஷனையா விட்டு வந்தாள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். செயலாளரம்மா அந்த வீட்டை விட்டுவிட்டு அதற்கடுத்த வீட்டைச் சொன்னார்.

அந்த வெள்ளி மாலை ஸ்டெல்லா ஆன்ட்டி கதவைத் திறந்துவைத்து, பாய் விரித்து, தனியாக உட்கார்ந்திருந்தார். பைபிளும் கையுமாக எல்லோரும் அந்த வாசலைக் கடந்து போனார்கள். அம்மா மட்டும் நின்று செருப்பைக் கழற்றினாள்.

செயலாளரம்மா திரும்பி வந்தார். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணத்துக்குப் பொண்ணை வெச்சிருக்கீங்க சிஸ்டர். நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பாத்து செய்ங்க."

"பாய் விரிச்சு உக்காந்திருக்கா சிஸ்டர். தாண்டிப் போக மனசு வரல," என்றாள் அம்மா.

அம்மாவோடு நானும் உள்ளே போனேன். அக்கா ஒரு நிமிஷம் தெருவிலேயே நின்றாள். பிறகு அவளும் உள்ளே வந்தாள். பாட்டைத் தொடங்கினாள், பாதியில் நிறுத்திவிட்டாள். ஸ்டெல்லா ஆன்ட்டி தெருவுக்கே கிண்டிய கேசரி அப்படியே இருந்தது. எனக்கே இறங்கவில்லை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பையனுக்கு இப்போது கல்யாணத்தில் இஷ்டமில்லையாம் என்று சொல்லி அனுப்பினார்கள், அதோடு சரி. பிறகு வந்த வரன்களும் சர்ச்சில் விசாரித்துவிட்டு நின்றுபோயின. ஸ்டெல்லா ஆன்ட்டியாவது நன்றாக இருந்தார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஊர்ப் பேச்சு பொறுக்காமல் அவர் புருஷனிடமே திரும்பிப் போனார். சர்ச்சில் அம்மாவைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மா கடைசிவரை அவருக்காக ஜெபம் செய்தாள். ஒன்றும் மாறவில்லை.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. போன வெள்ளி ராத்திரி சாப்பிடும்போது, அம்மா செய்தது சரிதானா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

"சரிதான்டி," என்றாள். "அதனாலதான் யார்மேலயும் கோவப்பட முடியல."

செயலாளரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டெல்லா ஆன்ட்டியும் போய்விட்டார். தெருவையே இடித்துவிட்டார்கள். அம்மா கல்லறைத் தோட்டத்தில். இனிமேல் அக்காவுக்குக் கோபம் வந்தாலும், போய்ச் சொல்ல ஆளில்லை.