சுத்தறது உண்டா

‘டாக்டரைப் பார்த்தோம். ரயில் பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வேலூருக்குச் சீட்டு.’

1983 ஏப்ரலில் என் டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி போடாமல் எதையும் எழுத வராது. ஆனால் தேதிக்குக் கீழே எழுத வேண்டியதைப் பல நாட்கள் எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது புரட்டும்போது அதுதான் அலுப்பாக இருக்கிறது.

நாக்பூரில் இருந்த மகளுக்கு இரண்டாவது பிரசவம். மே மாதக் கடைசியில் எதிர்பார்த்தார்கள். முதல் குழந்தை எங்கள் வீட்டில் பிறந்தது. இரண்டாவதற்கு அம்மாதான் அங்கே வர வேண்டும் என்று மகள் எழுதியிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, வேறு பெண் துணை கிடையாது. என் மனைவி மெட்ராஸுக்கு வடக்கே போனதில்லை, இந்தியும் தெரியாது. நான் போனால்தான் அவள் போக முடியும். டிக்கெட் எடுத்தாயிற்று. என் பழைய வேட்டிகளைத் துவைத்து, கிழித்து, குழந்தைக்குத் துணியாக மடித்து வைத்தாள். பூண்டும் சுக்கும் தனி மூட்டை. கிளம்பும் முன் என் பிரஷரைப் பார்த்துவிடலாம் என்று அவள்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் இளைஞர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“சுத்துறது உண்டா சார்?”

“உண்டுங்க. மாசா மாசம்.”

“மாசா மாசமா?”

“பௌர்ணமிக்குத் தவறாது.”

ரப்பர் பந்தை அமுக்கிய கை நின்றது. “எவ்வளவு நேரம் இருக்கும்?”

“முன்னெல்லாம் நாலு மணி நேரம். இப்ப முட்டி வலி ஜாஸ்தி. ஆறு ஆயிடுது.”

“ஆறு மணி நேரமா! அப்ப பக்கத்துல யாராச்சும் இருப்பாங்களா?”

“இவ கூடவே வருவா. இவளுக்கு என்னைவிட ஜாஸ்தி. கார்த்திகை மாசம்னா ரெண்டு மூணு தடவை.”

டாக்டர் என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். “அம்மாவையும் ஒரு நாள் காட்டுங்க” என்றார்.

எங்கள் திருவண்ணாமலையில் ‘சுத்தறது’ என்றால் மலையைச் சுற்றுவதுதான். மலை என்று யாரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். ‘இந்த மாசம் சுத்தினீங்களா?’ என்று கடைத்தெருவில் கேட்பார்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போவோம். அவர் தலையைக் கேட்டார். நான் மலையைச் சொன்னேன். ரயிலில் இரண்டு நாள் உட்காரக் கூடாது, வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து எனக்கு விளங்கவில்லை. முட்டிக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரும் வரையில் என் மனைவி அந்தச் சீட்டைத் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வேலூர் பஸ். அக்னி வெயில், போளூர் தாண்டியதும் முகத்தில் அடிக்கும் அனல், கண்ணமங்கலத்தில் நிற்கும்போது இஞ்சினோடு சேர்ந்து ஆடும் ஜன்னல் கம்பி. ஒரு நாள் ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு நாள் இ.சி.ஜி. அடுத்த வாரம் காது. பெரிய டாக்டர் லீவில் போய்விட்டார், வரட்டும் என்றார்கள். இதற்கிடையில் நாங்கள் போக வேண்டிய ரயில் போய்விட்டது. பள்ளிக்கூட லீவு நேரம், வேறு டிக்கெட் கிடைக்கவில்லை. மூட்டையில் பூண்டு முளை விட்டது. அவள் அதை மாற்றி வேறு பூண்டு வைத்தாள்.

பெரிய டாக்டர் ஒரு அம்மாள். காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எல்லாம் நல்லாத்தானே இருக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்களுக்குத் தலை சுத்துமாமே?”

“தலையா? யாருக்குங்க?”

“உங்களுக்குத்தான். ஆறு மணி நேரம் சுத்தும்னு எழுதியிருக்கு.”

“அது மலைங்க!”

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். “திருவண்ணாமலைக்காரர்கிட்ட சுத்துதானு கேட்டா வேற என்ன சொல்வாரு! போய்ட்டு வாங்கய்யா, தாராளமா ரயில் ஏறுங்க” என்றார். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன்.

டிக்கெட் கிடைக்கும் முன்பே தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். ஜூனில்தான் நாக்பூர் போய்ச் சேர்ந்தோம். மகளே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“வந்துட்டியாம்மா. கொழந்தைக்குத் தலை நிக்கறதுக்குள்ள வந்துட்டியே, பரவால்ல.”

கொல்லைக் கொடியில் யாருடைய புடவையையோ கிழித்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் கொடுத்தது என்று மகள் சொன்னாள். பத்தியச் சாப்பாடும் அவர்தானாம். என் மனைவி வேட்டித் துணி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். திரும்பி வரும்போது அது அங்கேயே இருந்ததா, பயன்பட்டதா என்று நான் கேட்கவில்லை.

இந்த டாக்டர் கதையைப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். 1987-க்குள் என் முட்டி அடியோடு போய்விட்டது. சுத்தறது நின்றது, ரயிலும் நின்றது. மாத்திரை டப்பாவும் படிக்கிற கண்ணாடியும் இருக்கிற மேஜை வரைதான் இப்போது என் நடை. ஒரு நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த உறவினரிடம் மறுபடியும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனதும் என் மனைவி காபி டம்ளரை எடுத்தபடியே சொன்னாள்:

“அந்த டாக்டர் பையன் ஒண்ணும் தப்பா எழுதல.”

“என்ன சொல்ற?”

“டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின பங்குனி பௌர்ணமிக்குச் சுத்தறப்ப, வழியில அடி அண்ணாமலைல உக்காந்துட்டீங்களே. கண்ணு இருட்டுது, பூமி சுத்துதுன்னீங்க. சோடா வாங்கிக் குடுத்தேன். டாக்டர் எப்படியோ கண்டுபுடிச்சுட்டாருனு நெனச்சேன்.”

“அப்ப வேலூர்ல ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்களை ரயில் ஏற விடுவாங்களா? நான் எப்படிங்க போறது?”

டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். நாக்பூர் போன வழியெல்லாம், இரண்டு இரவும், நான் தூங்கும்போது அவள் விழித்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. புது ஊர், ரயில் சத்தம், அதனால்தான் என்று அப்போது நினைத்தேன்.

நான் அடி அண்ணாமலையில் உட்கார்ந்தது உண்மை. முட்டி வலியால் உட்கார்ந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். சோடா குடித்த ஞாபகம் இல்லை. அன்றைய டைரியை எடுத்துப் பார்த்தேன். ‘பங்குனிப் பௌர்ணமி. சுற்று’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சோடாக் கடைக்காரரைக் கேட்கலாம் என்றால், அந்தக் கடை கை மாறிவிட்டது என்கிறார்கள். போய்ப் பார்க்க எனக்குக் கால் இல்லை. அன்று எனக்குத் தலை சுற்றியதா என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.