நாலாக உடைத்த மாத்திரை

என் கணவரின் தலைமுடிக்காக நான் மாத்திரை உடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மூன்றாவது மாதம்.

கல்யாண ஆல்பத்தில் மாடியிலிருந்து எடுத்த படம் ஒன்றில் அவருடைய உச்சந்தலை பளிச்சென்று தெரிந்தது. ஆபீஸ் நண்பர்கள் அதைப் பெரிதாக்கி வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். அந்த வாரமே முட்டுக்காடு பக்கம் ஒரு முடி கிளினிக்கில் போய் உட்கார்ந்தார். தினம் ஒரு சின்ன மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

செங்கல்பட்டில் எங்கள் தெரு மெடிக்கலில் ஒருமுறை அது தீர்ந்துபோயிருந்தது. வயதான ஆண்களுக்கு மூத்திரக் கோளாறுக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான், கொஞ்சம் பெரிசு, நாலாக உடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். என் கணவர் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டார். "தாராளமா" என்று பதில் வந்தது. அவர் உடைத்தால் பொடிப்பொடியாகிவிடும். அதனால் காய் நறுக்கும் கத்தியால் நானே உடைத்து டப்பாவில் போட்டு வைப்பேன். விரலில் ஒட்டிய தூளை நைட்டியில் துடைத்துக்கொண்டு குழம்பைக் கிளறப் போய்விடுவேன்.

ஐந்தாம் மாதச் செக்கப்பில் என் டாக்டரம்மா வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். "நான் சாப்பிடலை டாக்டர். அவருக்கு முடி மாத்திரை உடைச்சுக் கொடுக்கறதோட சரி" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு மாத்திரையின் பேரைக் கேட்டார்.

முழு மாத்திரையைத் தொட்டால் பரவாயில்லை, உடைத்த தூள் தோல் வழியாக உள்ளே போகலாம், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு சரியாக வளராமல் போக வாய்ப்பு உண்டு என்று நிதானமாகச் சொன்னார். "கொஞ்சம் தூள்தானே. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே தொடாதே."

"இது ஆணா பொண்ணா டாக்டர்?"

"அது நான் சொல்லக்கூடாதும்மா. உனக்கே தெரியும்."

தெரியும்தான். ஸ்கேன் சென்டரில் கதவுக்குக் கதவு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. மிச்ச மாதங்கள் முழுக்க இந்தப் பயத்தைச் சுமக்கும்படி என்னை விட்டவர்கள்மேல்தான் கோபம்.

அந்தச் சனிக்கிழமையே அவரை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். என் தம்பி வயசுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. நல்ல அடர்த்தியான முடி.

"கர்ப்பமா இருக்கறவங்க இதை உடைக்கக்கூடாதுன்னு ஏன் சொல்லலை?"

"பேஷண்ட் அவர்தானே மேடம்? அவருக்கு வேண்டியதைச் சொன்னோம்."

"அவருக்கு இன்னா சொன்னீங்க? எத்தினி வருஷம் சாப்பிடணும்னு சொன்னீங்களா?"

"முடி வேணுங்கற வரைக்கும். நிறுத்தினா மறுபடி கொட்டும்."

"அப்ப இருவது வருஷம் சாப்பிட்டா உடம்பு இன்னா ஆவும்?"

"நிறையப் பேர் சாப்பிடறாங்க மேடம்."

"நான் அதைக் கேக்கலையே!"

அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "இந்த டைம்ல இப்படிக் கோவம் வரும் சார். எல்லாம் ஹார்மோன்."

ஆணின் ஹார்மோனில் கை வைக்கிற மாத்திரையை மிட்டாய் மாதிரி எழுதித் தருகிறவர், என் கேள்விக்கு என் ஹார்மோனைக் காரணம் சொல்கிறார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. என் கணவர்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

"எல்லாரும் பாக்கறாங்க. இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீற?"

முட்டுக்காடு பாலம் தாண்டியதும் காரை ஓரங்கட்டினார். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கும் கொஞ்ச மாசமா ஒண்ணும் முடியலை. ஆசையே வரலை. மனசும் செத்தாமாரி கீது. போன தபா இந்த டாக்டர்கிட்ட சொன்னேன். எல்லாம் மனப்பிரமை, நெட்டுல கண்டதைப் படிக்காதீங்கன்னுட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்டி சொல்றது?"

அத்தனை நாளும் வயிறு பெருத்த என்னைத்தான் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தவள் நான். அந்தக் காரிலேயே அவரை அறையலாம் போலிருந்தது. அவர் சோர்வுக்கு அந்த மாத்திரைதான் காரணமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அந்த டாக்டர் கேட்கக்கூட இல்லை என்பது மட்டும் தெரியும்.

அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். முடி கொட்டியது.

பிரசவ அறையில் நர்ஸ் "பொம்பளப் புள்ள" என்றாள். எனக்கு அழுகை பீறிட்டது. அவ்வளவு நிம்மதி. மாமியார் என் தலையைத் தடவி, "அழாதம்மா, அடுத்தது பையனா பொறந்துடப் போவுது" என்றார். அவருக்கு நான் எதை விளக்குவது?

குழந்தைக்குக் காது குத்த கருங்குழிக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவனுக்கும் முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. "பொண்ணு வூட்ல இன்னா சொல்வாங்க? அண்ணன் துன்ன மாத்திரைய நீயும் வாங்கித் துன்னுடா" என்றார் மாமியார்.

என் கணவர் காபியைக் கீழே வைத்தார். அம்மா, தம்பி, பக்கத்து வீட்டு அத்தை எல்லாரும் இருக்க, காரில் என்னிடம் சொன்னது அத்தனையையும் அவர்களிடமும் சொன்னார்.

"ஐய, இதையெல்லாமாடா நாலு பேர் எதுருக்கப் பேசுவ?" என்று மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீதானம்மா மாத்திரையப் பத்தி பேசின."

கொழுந்தன்தான் மெதுவாகக் கேட்டான். "நிறுத்தினதும் செரியாச்சா?"

"நிறைய ஆச்சு. முழுசா ஆச்சான்னு எனக்கே தெரில."

அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்று பாதி இறங்கியது. கிளினிக்கின்மேல் இருப்பது இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம். கிளம்பும்போது கொழுந்தன் கார் வரைக்கும் வந்தான். "ஒரு தபா டாக்டர்கிட்ட கேட்டுனு மட்டும் வரேன் அண்ணி" என்றான்.

"கேளு" என்றேன். "அவர் பதில் சொல்ற வரைக்கும் நாற்காலிய விட்டு எழுந்துக்காத."