பெரியவ வரலையா

சேலத்தில் வெயில் ஏறினால் நாங்கள் ஏற்காடு ஏறுவோம். என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அவருடைய அக்கா இன்னும் டவுனில் இருக்கிறார். சித்தப்பா மகன் நாகலூரில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மாம்பழப் பையோடு ஏறி, காப்பித்தூளும் மிளகுமாக இறங்குவது வருஷா வருஷம் நடப்பது. போன மே மாதமும் போனோம். ஆனால் சுற்றிப்பார்க்கப் போகவில்லை, பெரியவளைத் தேடிப் போனோம் என்பது எனக்கும் அவருக்கும் ஒன்பது வயதுச் சின்னவளுக்கும் மட்டுமே தெரியும்.

பெரியவளுக்குப் பத்தொன்பது. இரண்டாம் தடவையாக நீட் எழுதிவிட்டு வந்து, விடைகளைச் சரிபார்த்து, இந்த முறையும் கிடைக்காது என்று அவளே சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். இனி எழுதவே மாட்டேன் என்றும் சொன்னாள். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் கூடத்துக்கு வந்து, "எங்கியாச்சும் போய்த் தொலை. இனி எங் கண்ணுல முழிக்காத" என்றேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தவளே நான்தான்.

மறுநாள் காலையில் அவள் இல்லை. போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அன்று முழுக்க அவளுடைய சிநேகிதிகள் வீடு, டியூஷன் சென்டர் என்று அலைந்தோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்கா தானாகவே சொன்னார்: "பெரிய பாப்பா காலையிலயே ஏற்காட்டு பஸ் ஏறிருச்சு. நீங்க போகலீங்களா?"

மனம் உடைந்த பெண் தனியாக ஏற்காட்டு மலை ஏறினாள் என்றால் எதை நினைக்கக் கூடாதோ அதைத்தான் மனசு நினைக்கும்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். அவர் தயங்கினார். பெண் வீட்டில் இல்லை என்று சொந்தக்காரர்களிடம் போனில் கேட்டால்கூட, அரை மணி நேரத்தில் அந்தியூர்ச் சொந்தம் வரைக்கும் செய்தி போய்விடும். எவனோடு என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதுவுமில்லாமல், சொல்லாதீங்க என்று அவள் அவர்களிடம் கெஞ்சியிருந்தால் போனில் சுலபமாக மறைத்துவிடுவார்கள். "எப்பவும் போற மாதிரி நாளைக்குப் போலாம். சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இல்லீன்னா அங்கயே ஸ்டேஷனுக்குப் போயிரலாம்" என்றார். நான் சம்மதித்தேன். பெற்ற பெண்ணுக்காகப் பயந்ததைவிட ஊர் வாய்க்கு அதிகம் பயந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

காலை முதல் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலாக் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சின்னவளுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். "அக்கா கோயமுத்தூர்ல கிளாசுக்குப் போயிருக்கா." அவள் நான்காம் தடவை கேட்காமலேயே ஒப்பித்தாள். பாடத்தில் இந்தச் சமத்து இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

நாத்தனாருக்கு ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடை. வீடு கடைக்குப் பின்னால். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"வா கண்ணு, வா. ஏன், பெரியவ வரலையா?"

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கிற வீட்டில் அவள் இல்லை. சின்னவள் தன் பாடத்தைச் சொன்னாள். "நொம்பப் படிச்சு இளைச்சுப் போயிருவா. நேரத்துக்குச் சோறு திங்கறாளான்னு கேளு" என்றார் நாத்தனார். கேட்கிறேன் அண்ணி என்றேன். முகம் கழுவப் போகிறேன் என்று குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வரும் வழியில் இரண்டு அறைகளிலும் எட்டிப் பார்த்தேன். ஒன்றில் வெங்காய மூட்டை, இன்னொன்றில் நாத்தனார் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரை வழியாகத்தான் பஸ்சுக்கு நடந்தோம். கரையில் நாலு பேர் கூடி நின்றால் என் கால் நின்றுவிடும். அவர் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருவார். முதல் கூட்டம் பஞ்சுமிட்டாய். அடுத்தது செல்ஃபி. ஊரே சந்தோஷமாக இருந்தது. அத்தனை பேர் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

நாகலூரில் பஸ் நிற்கிற இடத்துக்கே ரைட்டர் வந்துவிட்டார். "வாங்கண்ணா, வாங்கண்ணி. ஏனுங்க, பெரிய கண்ணு வரலீங்களா?" மாம்பழப் பையைக்கூட அங்கேயே கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். முடியுமா? கோழி அடித்து வைத்திருந்தார்கள். ரைட்டர் மனைவி எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, போதும் என்ற பிறகும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் ரைட்டர் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். "டாக்டரம்மாவுக்குன்னே பாத்து வெச்சதுங்க. அதுக்குத்தான் பலான்னா உசுருங்களே."

அவள் பத்தாவது படிக்கும்போதே அந்தப் பட்டத்தைச் சொந்தமெல்லாம் சொல்லிக் கூப்பிடும்படி பரப்பினது வேறு யார், நான்தான். அன்று அந்த வார்த்தை காதில் விழுந்தபோது கூசியது.

மூன்று மணிக்கு டவுனில் இறங்கி நின்றோம். பெற்ற பெண்ணைத் தொலைத்துவிட்டுப் பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் குடும்பம் எங்களைத் தவிர வேறு இருந்திருக்காது. அவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

அப்போது சின்னவள் கேட்டாள். "டீச்சர் பெரியம்மா ஊட்டுக்குப் போகலையாம்மா?"

கிளியூரில் இருக்கும் என் சிநேகிதியைத்தான் சொன்னாள். மலையில் மிஷன் ஹாஸ்டலில் நானும் அவளும் ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் டீச்சரானாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளைப் பார்க்காமல் மலை இறங்கினதில்லை, மூன்று வருஷத்துக்கு முன்புவரை. அந்த வருஷம் அவள், "அந்தப் புள்ளைக்கு டாக்டர் படிப்புல மனசில்ல. அவளை உட்டுரு" என்றாள். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை அருமை என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. காலையில் இருந்து அந்த வீடு என் நினைவில் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் தள்ளிவிட்டேன். அங்கே போய் என் தோல்வியைக் காட்டுவதைவிட ஸ்டேஷன் தேவலை என்று தோன்றியது. எவ்வளவு கெட்டவளாக இருந்திருக்கிறேன்.

ஆட்டோவில் போனோம். அருவிக்குப் பிரியும் இடத்தில் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

சிநேகிதி கதவைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் தலை பாதி நரைத்திருந்தது. "வா புள்ள. வாங்க அண்ணா" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். சின்னவளிடம் எந்த வகுப்பு என்று கேட்டாள். சேலத்தில் வெயில் எப்படி என்று கேட்டாள். பலாப்பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்து, நாளைக்கு அறுக்கலாம் என்றாள். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள்.

நான் காத்துக்கொண்டே இருந்தேன். கேள்வி வரவில்லை.

சின்னவளுக்கும் அது குறையாக இருந்திருக்க வேண்டும். ஒப்பிக்க வழியில்லாமல் என்னைப் பார்த்தாள், அப்புறம் தானே சொல்லிவிட்டாள். "அக்கா கோயமுத்தூர்ல கிளாசுக்குப் போயிருக்கா."

"அப்படியா கண்ணு" என்றாள் சிநேகிதி, காப்பியை ஆற்றிக்கொண்டே. எந்தக் கிளாஸ், எப்போது போனாள் என்று ஒரு வார்த்தை இல்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன். உள் அறைக் கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. எழுந்து போகத் துணிச்சல் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தே, அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"அவ கிளாசுக்குப் போகல. நாந்தான் போய்த் தொலைன்னு சொன்னேன். என் வாய்தான் அவளைத் தொரத்துச்சு." அப்புறம் நேராக அவளிடமே சொன்னேன். "கண்ணு, நீ டாக்டராக வேண்டாம். ஒண்ணும் ஆகவேண்டாம். நீ இருந்தாப் போதும்."

கதவு மெல்ல மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அவர் துள்ளி எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உடுங்க. உள்ளதான இருக்கா." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. மகள் என் முகத்தைப் பார்க்க மறுத்துக் கதவைச் சாத்துகிறாள், எனக்கோ சாமி கும்பிட வேண்டும் போல இருந்தது. தாழ்ப்பாள் போட உள்ளே ஒரு கை இருந்தது.

"இன்னிக்குத்தான் கொஞ்சம் சாப்புட்டா" என்றாள் சிநேகிதி. "உங்களுக்குப் போன் பண்ணட்டுமான்னேன். பண்ணுனா இங்கிருந்தும் போயிருவேன்னா. அதான் பண்ணல. உன்கூட வரமாட்டேங்கறா புள்ள. அவளா வர்றேங்கற வரைக்கும் நான் அனுப்பவும் மாட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். "காப்பியக் குடி, ஆறுது" என்றாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினோம். சேலம் வந்து சேரும்போது விளக்கு போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பூக்கார அக்கா எங்களைப் பார்த்ததும், எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"பெரிய பாப்பா வரலீங்களா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன்.

"வரலீங்க" என்றேன். "எம்மேல கோவமா இருக்கா."