கரித்துணிக்கு இரண்டாம் பரிசு

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு, நகர அரங்கின் நெசவுக் கண்காட்சியில் பூட்டுக்காரருக்கு இழைக்கப்பட்ட அநீதி பின்வருமாறு: அவருடைய படைப்பைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, அது நொறுங்காமல் இருக்கச் சுற்றி அனுப்பிய துணியைச் சுவரில் மாட்டி, அதற்கு இரண்டாம் பரிசும் கொடுத்துவிட்டார்கள்.

படைப்பு, இலை நரம்புகளால் ஆன ஒரு சால்வை. கடைக்குப் போகும் வழியில் உதிர்ந்துகிடந்த நூற்றுப் பன்னிரண்டு இலைகளைப் பொறுக்கி, குளியலறை வாளியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் சதையை நீவி எடுத்து, எஞ்சிய நரம்பு வலைகளைக் காற்றில் பறந்துவந்த விதைப்பஞ்சில் திரித்த நூலால் கோத்திருந்தார். யாரும் கற்றுத்தரவில்லை. பூட்டின் வயிற்றுக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பழகிய விரல்கள் தாமாகவே கற்றுக்கொண்டன. வாளியின் நாற்றத்தோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் மனைவி.

துணியோ, அடுப்பிலிருந்து அவள் பாத்திரம் இறக்கும் கரித்துணி. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்ததால் கேட்காமலே எடுத்துச் சுற்றிவிட்டார். ஒன்பது ஒட்டு, தேநீர்க் கறை, ஒரு மூலையில் தீய்ந்த ஓட்டை. 'கறைகளைக் கையாண்ட துணிச்சல் பாராட்டத்தக்கது' என்று நடுவர் எழுதியிருந்தார். அந்தக் குறிப்புக்கும் நகல் வாங்கி, எப்போதும் கையோடு கொண்டுபோகும் புகார்க் கோப்பில் சேர்த்தார் பூட்டுக்காரர்.

"பெட்டிக்குள்ள இருந்தது எங்கே?" என்று அரங்கின் எழுத்தரைக் கேட்டார்.

"அந்தக் காய்ஞ்ச இலையா சார்? துணி கசங்காம இருக்க நீங்க அடைச்சு அனுப்பினீங்கன்னு நெனச்சோம். மேசைக்கு அடியில இருக்கு. நல்ல காலம், குப்பை வண்டி இன்னும் வரல."

பூட்டுக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தார். திறந்து பார்த்தார். ஓர் இலைகூட முறியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிகிறது. அதற்குள் சுவர் ஏறாவிட்டால் சால்வையை யார் பார்ப்பார்கள்?

"துணியக் கழட்டிட்டு இத மாட்டுங்க."

"யாரக் கேட்டுக் கழட்டச் சொல்றீங்க?" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "ஒட்டு போட்டது நான். கறையாக்கினதும் நான். பரிசு என்னோடது."

"அடியே, அது கரித்துணி!"

"உங்களுது சருகு. அவரே சொல்லிட்டாரே."

எழுத்தர் குனிந்து ரசீதுப் புத்தகத்துக்குள் சிரிப்பை ஒளித்தார்.

பூட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதத் தொடங்கினார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"செஞ்சவங்க பேர மறைக்கிறது அநியாயம்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்கும் சேர்த்துத்தானே?"

கோப்பு முழுவதையும் புரட்டினார். மறுக்க ஒரு தாளும் கிடைக்கவில்லை. ஆகவே மனுவில் இரண்டு கோரிக்கைகள் ஏறின: சால்வையை உடனே மாட்ட வேண்டும், பரிசுச் சான்றிதழில் மனைவியின் பெயரை எழுத வேண்டும். சால்வைக்கும் துணிக்கும் நடுவே ஆறடி இடைவெளி தேவை என்பதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

இவற்றுக்கு நாளை காலை பத்து மணிக்குள், வாய்மொழியாக அன்றி, கையொப்பமும் முத்திரையும் இட்டு எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.