நெருங்கலாம், தொட வேண்டாம்

பதினோராம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறவளுக்கு ஜூன் மாதத்தில் முதல் வேலை, பத்தாம் வகுப்பில் தொண்ணூறு வாங்கிய முகங்கள் ஒவ்வொன்றாக வெளிறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். அந்த வகுப்பில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கும், நின்று அவதிப்பட்டவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். போன வருடம் இராமநாதபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஒரு கடலோரப் பள்ளிக்குப் போய்வந்தேன். அதிர்ச்சியெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இருபத்தைந்துக்கு மூன்று

முதல் தேர்வு வைத்தேன். இருபத்தைந்துக்கு அதிகபட்சம் பதினொன்று. நான்கு பேர் பூஜ்ஜியம். விடைத்தாளைக் கொடுத்தபோது யாரும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வேறு யாருடைய தாளோ தவறி வந்துவிட்டது போல முதல் பக்கத்தில் இருந்த பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

முதல் வரிசையில் முனீஸ்வரி என்றொரு பெண். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு. இப்போது மூன்று. தாளைத் திருப்பினாள், உதறினாள், எழுந்து நின்று மிக மரியாதையாகக் கேட்டாள்: "மிச்ச மார்க் பின்னாடி வருமா டீச்சர்?"

இரண்டு அம்மா

சார்பு என்றால் என்னவென்று முப்பது வருடமாக ஒரே உதாரணம்தான் சொல்லிவந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு அம்மாதான். ஓர் அம்மாவுக்குப் பல பிள்ளைகள் இருக்கலாம். பிள்ளையிலிருந்து அம்மாவுக்கு அம்புக்குறி போட்டால், ஒரு பிள்ளையிலிருந்து இரண்டு அம்பு கிளம்பக் கூடாது. கிளம்பினால் அது சார்பு இல்லை. எவ்வளவு அழகான உதாரணம் என்று எனக்குள் ஒரு பெருமை.

கடலாடிப் பக்கத்திலிருந்து வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும் மாரிமுத்து கையைத் தூக்கினான். அவன் முகத்தில் குறும்பு துளியும் இல்லை. அவன் கேட்டதைக் கேட்டுச் சாக்பீஸை நான்தான் கீழே போட்டேன்.

"பெத்த அம்மா கடலாடியில இருக்கு, வளக்குற அம்மா இங்கன இருக்கு டீச்சர். அப்ப நான் கணக்குலயே சேத்தி இல்லையா?"

நவம்பர் கல்யாணம்

வகையிடல், தொகையிடல் எல்லாம் எங்கள் புத்தகத்தில் இரண்டாம் தொகுதியில் வரும். இயற்பியல் புத்தகத்துக்கு அவை முதல் பாடத்திலேயே வேண்டும். இந்த அவலத்தை எந்தப் பள்ளியிலும் யாரும் தீர்த்துவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இயற்பியல் ஆசிரியர் கருப்பையா ஜூலையில் ஒருநாள் என் மேசைக்கு வந்து, பிள்ளைகள் தன்னைப் பேய் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதாகச் சொன்னார். நவம்பரில் நடத்திவிடுவேன் என்றேன்.

"நீங்க கல்யாணத்தை நவம்பர்ல வச்சிருக்கீங்க டீச்சர். நான் ஜூன்லயே பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டியிருக்கு."

சூத்திரம் இல்லாத வேலை

பெற்றோர் கூட்டத்துக்கு முனீஸ்வரியின் அம்மா வந்திருந்தார். இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மகளுக்கு எஞ்சினியரிங் படிக்க ஆசை. அய்யா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் படகு எஞ்சின் அடிக்கடி நடுக்கடலில் நின்றுவிடுமாம். அது ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்காகத்தான் கணக்கு குரூப். எனக்கு மென்று விழுங்கத் தெரியாது. இப்படியே போனால் தேறுவது சிரமம் என்று சொல்லிவிட்டேன். சொன்னபின்தான் பக்கத்தில் நின்ற முனீஸ்வரியைப் பார்த்தேன்.

அந்த அம்மா கோபப்படவே இல்லை. மகளின் தோளில் கை வைத்து, நாளைக்குச் சோறு என்ன என்று பேசும் குரலில் சொன்னார்: "அரையாண்டுல முப்பத்தஞ்சு வாங்கலைன்னா எங்கூடக் கம்பெனிக்கு வந்துருவா டீச்சர். தலை கிள்ளுறதுக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது."

எல்லை

நவம்பரில் முனீஸ்வரி மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவளை, அரையாண்டு வரும் நேரத்தில் அப்படி என்ன வேலை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். வீட்டு வேலை என்றாள்.

திரும்பிப் பலகையில் 'எல்லை' என்று பெரிதாக எழுதினேன். x இரண்டை நெருங்குகிறது. இன்னும் நெருங்குகிறது. இரண்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. இரண்டைத் தொட்டால் பின்னத்தின் கீழே பூஜ்ஜியம் வந்து எல்லாம் நாசம். ஆனால் தொட வேண்டிய அவசியமே இல்லை, நெருங்கினாலே எல்லை நமக்குத் தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. கொஞ்சம் பாட்டுப் போலவே சொல்வேன். சொல்லி முடித்துத் திரும்பினால் வகுப்பே முனீஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கடலில் யாரும் கோடு போட்டுக் காட்டியிராத இடம். தாண்டினால் இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போகிற இடம். நாலு நாளைக்கு முன் அவள் அய்யாவின் படகு எஞ்சின் நின்றுபோய் எல்லையோரம் ஒதுங்க, ஆளையும் படகையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் எனக்கு மட்டும்தான் அது தெரியாது.

அவள் எழுந்தாள். "பிடிச்சவங்ககிட்ட எங்க அய்யாவும் அதத்தான் சொல்லியிருக்காரு டீச்சர். கிட்ட வந்தோம், தொடலைன்னு."

இடமும் வலமும்

அடுத்த வகுப்பை எடுக்காமல் தள்ளிப்போட நினைத்தேன். பாடம் தள்ளிப்போட விடாது. இடப்பக்கத்திலிருந்து நெருங்கினால் ஒரு மதிப்பு. வலப்பக்கத்திலிருந்து நெருங்கினால் ஒரு மதிப்பு. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எல்லை உண்டு என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இல்லாவிட்டால் அங்கே எல்லை இல்லை.

முனீஸ்வரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். முப்பது வருடத்தில் அந்த விதியை அவ்வளவு சரியாக யாரும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.

"ரெண்டு கரைக்காரங்களும் ஒரே இடத்தைச் சொன்னாத்தான் அது எல்லை. அப்படித்தான டீச்சர்?"

முப்பத்து நான்கு

அரையாண்டுத் தாளில் எல்லை பற்றிய கேள்வி ஒவ்வொன்றையும் அவள் முழுதாகப் போட்டிருந்தாள். எண்கோட்டில் இரண்டு இருக்கும் இடத்தில் சின்ன வட்டம். உள்ளே நிரப்பாமல் விட்டிருந்தாள், அங்கே யாரும் தொடவில்லை என்பதற்கு அடையாளமாக. கணக்குப் புத்தகத்தின் மற்ற பாடங்கள் காலை வாரின. கூட்டினேன், முப்பத்து நான்கு. மூன்று முறை கூட்டினேன். எங்காவது ஒரு அரை மதிப்பெண்ணை விழுங்கியிருக்க மாட்டேனா என்று தேடினேன். "ஒண்ணு போடுங்க டீச்சர், கடலா வத்திரப் போகுது" என்றார் கருப்பையா. கை வரவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொண்டேன். வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் அம்மாவும் மகளும் வந்தார்கள். அய்யா திரும்பி வந்துவிட்டார், படகு வரவில்லை என்று மகள் சொன்னாள். படகில்லாத வீட்டுக்கு இன்னொரு ஜோடிக் கை தேவை. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தாளை நீட்டினேன். முப்பத்தைந்து வரவில்லை, நெருங்கிவிட்டாள் என்றேன். சொன்னதும் என் வார்த்தை எனக்கே சுட்டது.

அந்த அம்மா தாளை வாங்கி, எண்ணை விரலால் தடவிப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மகளைப் பார்த்து, "மணி அடிக்கப் போகுது, வகுப்புக்குப் போ" என்றார். பிறகு என்னிடம்: "அங்கன கிட்ட வந்ததையே தாண்டுனதா எழுதிக்கிட்டாக டீச்சர். இங்கன முப்பத்தி நாலை நான் முப்பத்தஞ்சா எழுதிக்கிறேன்."

ஆக, பதினோராம் வகுப்புக் கணிதத்தில் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: புத்தகத்தில் உள்ளதெல்லாம் உரிய மாதத்தில் வந்து சேரும், ஆனால் பலகையில் ஒரு சொல்லை எழுதும் முன் முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.