சயாமுக்குப் போன சட்டை

ஊசியும் நூலும் விற்கிறவனுக்குச் சுமை குறைவு, அலைச்சல் அதிகம். மூட்டையோடு தனியாக ரயிலேறி, மாற வேண்டிய இடத்தில் மாறாமல் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என்னுடையது சப்பான்காரன் காலத்தில் நடந்தது. அப்போது மலாயாவில், கெடா மாநிலத்துப் பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டங்களில், வேலையாட்கள் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து விற்றுக்கொண்டிருந்தேன். நூல் கண்ணில் படாத காலம். வடக்கே எல்லை தாண்டிச் சயாமில், இப்போது தாய்லாந்து என்கிறார்களே, அங்கே ஹாட்யாய் என்ற ஊரில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன். எந்த ரயில், எங்கே தங்குவது, யாரைப் பார்ப்பது, எதையும் விசாரிக்கவில்லை. விசாரிக்கக் கூச்சம்.

மாவுச் சாக்கு

பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் அஞ்சலை என்ற பெண் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் முனியாண்டியை, மூன்று மாத வேலை என்று சொல்லி, சயாமில் ரயில்பாதை போட ஏற்றிப்போயிருந்தார்கள். அதே தோட்டத்து ஆட்கள் ஒரு பெட்டி நிறையப் போனார்கள். சொன்ன மாதங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. ஒரு தகவலும் இல்லை.

நான் சயாம் போகிறேன் என்று தெரிந்ததும், கோதுமை மாவுச் சாக்கில் கணவனுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். தையல் நெருக்கமாகவும் நேராகவும் இருந்தது. என் தொழிலில் கண் முதலில் அங்கேதான் போகும். சயாம் பெரிய நாடாயிற்றே, ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இழுத்தேன்.

"என்னண்ணே பெரிய நாடு? ரயில்பாதை போடறவங்க பாதைகிட்டதானே இருப்பாங்க. கம்பியப் பிடிச்சே போங்க" என்றாள்.

இரண்டு நேரம்

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டதுமே கிளம்பி, வேகமாக நடந்து, சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சீக்கிரமே வந்துவிட்டோம் என்று எனக்கு ஒரே திருப்தி. டிக்கெட் கொடுக்கும் பெரியவர் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பான்காரன் வந்தபிறகு ஸ்டேஷன் கடிகாரத்தை அவன் ஊர் நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டான் என்பதும், தோட்டத்தில் மட்டும் பழைய நேரமே நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.

"தம்பி, ரயில் தோக்கியோ நேரத்துக்குப் போயிட்டுது. நீங்க பெரட்டு நேரத்துக்கு வந்திருக்கீங்க. இப்படியே உக்காந்திருங்க, நாளை ரயிலுக்குச் சரியா இருக்கும்" என்றார்.

கழற்றிவிட்ட பெட்டி

மறுநாள் ஏறிவிட்டேன். சரக்குப் பெட்டி. உப்பு மூட்டைகளின் மேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அலோர் ஸ்டாரில் எல்லாரும் எழுந்து அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. இடம் கிடைத்ததே என்று காலை நீட்டிக்கொண்டேன். ரயில் ஊதியது, சத்தம் தூரமாகப் போனது, நானும் என் பெட்டியும் மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மூட்டை இறக்கும் தமிழர் ஒருவர் ஏறி வந்தார்.

"ரயிலு அந்தா போவுது பாருங்க. எங்க உப்போட இங்கயே இருக்கறதுன்னா சும்மா இருக்காதீங்க லா, ஆளுக்கொரு மூட்டை தூக்குவோம்."

தூக்கினேன்.

வாசற்படி

அடுத்த ரயிலைப் பிடித்து ஹாட்யாயில் இறங்கிச் சோறு வாங்கப் போனால், வாழைமரம் போட்ட நம் சப்பான் நோட்டைக் கடைக்காரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்துவிட்டாள். ஓர் ஊசியை எடுத்து நீட்டினேன். தன் சேலைபோன்ற துணியில் குத்திப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். அதேபோல் ஊசி கொடுத்தே நூலும் வாங்கினேன்.

சட்டைதான் மிச்சம். மாடு வைத்துப் பால் விற்கும் தமிழர் ஒருவர் அங்கே இருந்தார். கூச்சத்தை விட்டு அவரிடம், ரயில்பாதை போடும் இடம் நடக்கிற தூரமா என்று கேட்டேன். பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க வாசற்படியில நிக்கிறீங்க, தம்பி. அது கொல்லைப்புறத்தையும் தாண்டி எங்கேயோ இருக்கு. நம்ம சனங்களை ஏத்திட்டுப் போற ரயிலு இப்படித்தான் போவுது. திரும்பி வர்ற ரயிலை நான் இன்னும் பாக்கல."

நகர்ந்த எல்லை

இந்தக் கடைசிப் பேச்சை அஞ்சலையிடம் சொல்லவில்லை. ஆளைப் பார்க்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிச் சட்டையைக் கொடுத்தேன். அடுத்த தடவை போகும்போது எடுத்துப்போங்கள் என்று என் மூட்டையிலேயே திணித்துவிட்டாள்.

பிறகு சப்பான்காரன் கெடாவைத் தூக்கிச் சயாமுக்கே கொடுத்தான். நூல் வாங்க, கெடாவுக்கு வெளியே தெற்கே பக்கத்திலேயே இருக்கும் புக்கிட் மெர்த்தாஜாம் போவதுகூட எனக்கு வெளிநாட்டுப் பயணம் ஆகிவிட்டது. இதை வேடிக்கைபோல அஞ்சலையிடம் சொன்னேன். அவள் ரப்பர் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

"அப்ப நாமளும் சயாம், அவரும் சயாம். ஒரே நாட்டுல இருந்துக்கிட்டு வீட்டுக்கு வர இவ்வளவு நாளாண்ணே?"

துணை

சண்டை முடிந்து, கெடா மறுபடி கெடாவான பிறகு ஒரு நாள் அந்த லயத்துக்குப் போனேன். வாசலில் அடையாளம் தெரியாத ஒரு மனிதர் கால் நிறையப் புண்ணோடு உட்கார்ந்திருந்தார். முனியாண்டிதான். திரும்பி வரும்போது ரயிலில் தூங்கிப்போய், சுங்கைப்பட்டாணியைத் தாண்டி, புக்கிட் மெர்த்தாஜாமில் விழித்திருக்கிறார். அங்கிருந்து கம்பியோரமாக நடந்தே வந்திருக்கிறார்.

மூட்டையைப் பிரித்துச் சட்டையைக் கொடுத்தேன். அஞ்சலை போட்டுவிட்டாள். இரண்டு தோளும் கழுத்து வழியாக வெளியே தெரிந்தன. அவள் என்னிடம் ஊசியும் நூலும் வாங்கி, அவர் உடம்பில் இருக்கும்போதே ஓரத்தைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு முறை ரயிலில் ஏமாந்திருக்கிறேன், யாரிடமாவது எழுப்பிவிடச் சொல்லி வைத்திருக்கலாமே என்றேன்.

"போறப்ப பெட்டி நிறைய நம்ம தோட்டத்து ஆளுங்க இருந்தாங்க, நூல்காரரே. வர்றப்ப எழுப்பிவிட ஒருத்தரும் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து எங்கே ரயிலேறினாலும் கூச்சத்தை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நான் இறங்கும் ஊரைச் சொல்லி வைக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் எனக்கு முன்னால் தூங்கிவிடுகிறார்கள், அவர்களை எழுப்பிவிடும் பொறுப்பும் எனக்கே வந்துசேர்கிறது.